அண்ணனுக்கு அனுப்பிய பன்னிரண்டு டப்பாக்கள்

அண்ணன் நம்மை விட்டுப் பிரிந்து ஓராண்டு ஆகிறது. அவர் திதிக்காக ஸ்ரீவில்லிபுத்தூர் வீட்டுக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் தங்கையின் வணக்கம். முகப்பில் இருக்கும் படத்தைப் பார்த்துவிட்டு, பஸ்ஸில் சீட்டுப் பிடிக்கப் போடுகிற காகிதமாக இதை ஆக்கிவிடாதீர்கள். கடைசி வரி வரைக்கும் படியுங்கள். உங்களுக்கு நான் ஒரு விஷயம் சொல்ல வேண்டியிருக்கிறது. அது கடைசியில்தான் வருகிறது.

அண்ணன் பிறந்தது மம்சாபுரத்தில். எங்கள் தகப்பனார் அன்றாடம் கூலிக்குப் போனவர். நாங்கள் இரண்டே பிள்ளைகள்; அண்ணனுக்கும் எனக்கும் பதினோரு வயது வித்தியாசம். பத்தாம் வகுப்பு முடித்த கையோடு அவர் இராஜபாளையத்தில் ஒரு பேண்டேஜ் துணிக் கம்பெனிக்குக் துணியைக் கட்டுக் கட்டாகக் கட்டும் வேலைக்குப் போனார். ஐந்தாறு வருடத்தில் செக்கர் ஆனார். கண்ணாடி மேசைக்கு அடியில் லைட் எரியும்; மேலே துணி ஓடும். இழை அறுந்திருந்தால், அழுக்குப் புள்ளி இருந்தால், சிவப்புப் பென்சிலால் வட்டம் போட வேண்டும். முப்பத்தெட்டு வருடம் அண்ணன் வட்டம் போட்டார். காயத்தின் மேல் கட்டுகிற துணி, அதில் யாரையும் நம்பக் கூடாது என்பார்.

வேலையில் வந்த சந்தேகம் வீட்டுக்கும் வந்துவிட்டது. தக்காளிக் கடையில் தராசின் அடியைத் தடவிப் பார்ப்பார். டாக்டர் எழுதின மாத்திரையை வேறு இரண்டு மருந்துக் கடையில் காட்டி, இதுதானா என்று கேட்பார். என்னைப் பெண் கேட்டு வந்தபோது, மாப்பிள்ளை சாப்பிடும் மெஸ்ஸுக்கு மூன்று நாள் போய்ப் பக்கத்து இலையில் உட்கார்ந்து சாப்பிட்டு, ஆள் சோற்றை வீணாக்காதவர் என்று கண்டுபிடித்த பிறகுதான் சம்மதம் சொன்னார். என் வீட்டுக்காரர் இன்றைக்கும் அதைச் சொல்லிச் சிரிப்பார். எனக்கும் அதே புத்திதான். ஒரே வயிற்றில் பிறந்தவர்கள் வேறு எப்படி இருப்போம்?

மதினிக்குச் சொந்த ஊர் ஸ்ரீவில்லிபுத்தூர். அவர்களுடைய பூர்வீக வீட்டில்தான் இருவரும் வாழ்ந்தார்கள். குழந்தை இல்லை. அந்தக் குறையை அண்ணன் ஒரு நாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. வருடம் தவறாமல் எனக்குப் பொங்கல் சீர் கொண்டுவந்தார். என் பிள்ளைகளுக்குத் தாய்மாமனாக எல்லாம் செய்தார். மதினி காலமான பிறகு நான்கு வருடம் தானே ஆக்கித் தானே சாப்பிட்டார். இராஜபாளையம் வந்துவிடுங்கள் என்று எத்தனையோ தடவை கூப்பிட்டேன். சீர் கொண்டுபோன வீட்டில் போய்ச் சோற்றுக்கு உட்கார முடியாது என்பார். அதற்கு மேல் பேச்சில்லை.

ஒரு நாள் ரேஷன் கடை வரிசையில் மயங்கி விழுந்துவிட்டார். ஒழுங்காகச் சாப்பிடாததுதான் காரணம் என்று டாக்டர் சொன்னார். அன்றைக்கு ஆரம்பித்தது டப்பா வேலை. ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஆக்குவேன். திங்கள் முதல் சனி வரை, மதியமும் இரவும், பன்னிரண்டு டப்பா. எல்லாவற்றையும் ஃப்ரீசரில் வைத்து, கல்லானதும் பேப்பர் சுற்றி, கட்டைப்பையில் அடுக்கி, திங்கள் காலை பஸ்ஸில் கொண்டுபோய் அண்ணன் வீட்டு ஃப்ரீசரில் வைத்துவிட்டு வருவேன். அவர் எடுத்துச் சூடு பண்ணிச் சாப்பிட வேண்டியதுதான்.

கேட்பதற்குச் சுலபமாக இருக்கும். முதல் மாதம் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். உருளைக்கிழங்கு போட்டால் ஐஸ் விட்டதும் கொழகொழவென்று ஆகிவிடும். தேங்காய் அரைத்து ஊற்றினால் தண்ணீர் தனி, தேங்காய் தனி. சோற்றை விறைப்பாக வடிக்க வேண்டும். ஃபேனுக்கு அடியில் நன்றாக ஆறவிட்டுத்தான் மூட வேண்டும். இல்லாவிட்டால் மூடியில் வேர்த்து, அது பனிக்கட்டியாகிச் சாதத்தில் விழும். வத்தக்குழம்பு, தட்டப்பயற்றுக் குழம்பு, ரசம், இட்லி எல்லாம் சொன்ன பேச்சுக் கேட்கும். கம்பெனியிலிருந்து அண்ணன் எப்போதோ தந்திருந்த பிளாஸ்டர் டேப்பைக் கிழித்து ஒட்டி, என்ன சாப்பாடு, என்ன கிழமை என்று எழுதிவிடுவேன். அண்ணன் அதையும் நம்பவில்லை. எப்போது ஆக்கினது, நீதான் ஆக்கினாயா, கடையில் வாங்கி அடைத்தாயா என்று திங்கள்தோறும் விசாரணை. ஆக்கின ஆளின் கையைப் பார்க்க வேண்டும் என்று என் விரலில் இருந்த மஞ்சள் கறையை மோந்து பார்த்தவர் அவர்.

ஆறேழு மாதம் கழித்து எனக்குச் சந்தேகம் வந்தது. திரும்பி வந்த டப்பாக்களில் வேறு சோப்பு வாசம் அடித்தது. அண்ணன் வீட்டில் அந்தச் சோப்பு கிடையாது. அதற்கடுத்த வாரம் டப்பாக்களில் வெள்ளை நூல் சுற்றியிருந்தது. சிலதில் ஒரு முடிச்சு, சிலதில் இரண்டு முடிச்சு. செய்வினைதான் என்று முடிவு கட்டி, நூலையெல்லாம் மிளகாய் உப்போடு அடுப்பில் போட்டு எரித்தேன். அண்ணனைக் கேட்டால், மூடி கழன்றுவிடாமல் நான்தான் கட்டினேன் என்றார். சொல்லும்போது முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்.

அண்ணன் வீட்டுக்கு அடுத்த வீட்டில் எஸ்தர் டீச்சர் தனியாக இருக்கிறார்கள். ஆரம்பப் பள்ளியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள். நான் போகும்போதெல்லாம் காம்பவுண்டுச் சுவர் ஓரம் நின்று ஒரு புன்சிரிப்பு சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பிலும் எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். சர்ச்சுக்குப் போகிற வேதக்கார டீச்சர் உனக்குச் செய்வினை வைக்கக் கிளம்பியிருக்கிறார்களா என்று கேலி பண்ணினார். நான் விடவில்லை. அண்ணனின் தங்கை அல்லவா, ஒரு சோதனை வைத்தேன். வியாழக்கிழமை மதியச் சாம்பார் சாதத்தில் ஒரு கல் உப்புக் கூடப் போடாமல் அனுப்பினேன். வெள்ளிக்கிழமை போனில், நேற்றுச் சாதம் எப்படி என்று சும்மா கேட்பதுபோலக் கேட்டேன்.

"அருமை. உப்பு உறைப்பு எல்லாம் பொருத்தமா இருந்துச்சு."

அண்ணன் அந்தச் சாதத்தைத் தொட்டிருக்கவே மாட்டார், வேறு யாரோ தின்கிறார்கள், அண்ணன் பட்டினி கிடக்கிறார் என்று உறுதி பண்ணிவிட்டேன்.

அடுத்த புதன்கிழமை சொல்லாமல் கொள்ளாமல் போனேன். உச்சி வெயில் நேரம். தெரு முனை திரும்பினால், எஸ்தர் டீச்சர் அண்ணன் வீட்டுக் கேட்டைத் திறந்து வெளியே வருகிறார்கள். கையில் என் டப்பா. மேலே சேலைத் தலைப்பு மூடியிருந்தது. ஓடிப்போய்க் கையைப் பிடித்துவிட்டேன்.

"பென்சன் வாங்குற டீச்சரு, எங்க அண்ணன் சோத்தத் தூக்கிட்டுப் போறீங்களே, வெக்கமா இல்ல?"

அதோடு நிறுத்தியிருந்தாலாவது பரவாயில்லை. ஒற்றை ஆம்பிளை இருக்கிற வீட்டில் உங்களுக்கு என்ன ஜோலி என்றும் கேட்டேன். தெருவே வாசலில் நின்றது. டீச்சர் எனக்குப் பதில் சொல்லவில்லை. ஜன்னல் பக்கம் ஒரு தடவை பார்த்தார்கள். கம்பிக்குப் பின்னால் அண்ணன் நின்றுகொண்டிருந்தார். நான் கத்தினது ஒரு சொல் விடாமல் அவர் காதில் விழுந்தது. ஆனாலும் அவர் வாயைத் திறக்கவில்லை. டீச்சர் டப்பாவைக் காம்பவுண்டுச் சுவர் மேல் வைத்துவிட்டுத் தங்கள் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். உண்மை தெரிந்த மனுசி எதிர்த்துப் பேசுவாள், இவள் பேசவில்லை, அப்படியானால் களவாணிதான் என்று எனக்குத் தோன்றியது.

பஸ் ஸ்டாண்டில் நின்றபடியே உங்களில் பலருக்குப் போன் போட்டேன். நான் இராஜபாளையத்தில் இறங்குவதற்குள் சேதி மம்சாபுரம் போய், வன்னியம்பட்டிக்கும் போய்விட்டது. யார் யாரிடம் என்ன சொன்னேன் என்று எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. உங்களுக்கும் நினைவிருக்கும்.

அதற்குப் பிறகு டப்பாக்கள் ஒழுங்காக வந்தன. நூல் இல்லை, வேறு வாசம் இல்லை. நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன். ஆனால் அண்ணன் மெலிந்துகொண்டே வந்தார். சட்டைக் காலர் கழுத்தை விட்டு விலகி நின்றது. மூன்றாவது வாரம், மதிய நேரத்தில் மறுபடியும் சொல்லாமல் போனேன். பின்பக்கம் துவைக்கிற கல்லின் மேல் இரண்டு டப்பா வெயிலில் இருந்தது. அண்ணன் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஓரத்தில் இளகின சாதத்தை விரலால் சுரண்டிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நடுவில் இருந்தது இன்னும் கல்லாகவே இருந்தது.

டப்பாவைப் பிடுங்கிக்கொண்டு ஏன் அடுப்புப் பற்றவைக்கவில்லை என்று கத்தினேன். அவர் என் குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினார். முகத்தைத்தான் திருப்பினார், கண் என்னைப் பார்க்கவில்லை.

"அடுப்பு தெரியலட்டி. ஒரு தடவ வேட்டியில தீப்பிடிச்சிருச்சு. டீச்சர்தான் கருகுன மணம் வந்து ஓடியாந்து அணைச்சாவ. பொறவு அவிய வீட்டுல சுட வச்சுக் கொண்டாந்து தருவாவ."

ஒவ்வொன்றாகக் கேட்டேன், ஒவ்வொன்றாகச் சொன்னார். லேபிளைப் படிக்க முடியாதவருக்குத் தடவித் தெரிவதற்காக டீச்சர் கட்டியதுதான் அந்த நூல். மதியச் சாப்பாட்டுக்கு ஒரு முடிச்சு, இரவுக்கு இரண்டு. உப்பில்லாத சாதத்தை அண்ணன் ஒரு வாய் வைத்துவிட்டுச் சொல்ல, டீச்சர் உப்பைக் கரைத்து ஊற்றிப் பிசைந்து தந்திருக்கிறார்கள். டப்பாவைத் தங்கள் சோப்புப் போட்டுக் கழுவியதும் அவர்கள்தான். உலகத்தில் இருக்கிற அத்தனையையும் சந்தேகப்பட்ட எனக்கு, இழை அறுந்ததைக் கண்டுபிடித்த அந்தக் கண்ணைச் சந்தேகப்பட மட்டும் தோன்றவில்லை.

"அன்னைக்கு ஜன்னல்ல நின்னீங்களே, ஏன் அண்ணே வாயத் தொறக்கல?"

"தொறந்தா கண்ணு போனது தெரிஞ்சுரும். நீ என்னைய இராஜபாளையத்துக்குக் கூட்டிட்டுப் போயிருவ."

"அதுக்காக அவங்களக் களவாணி ஆக்கிட்டீங்களே."

"ஆக்குனது நீ. பேசாம நின்னது நானு."

அண்ணனைப் பற்றி நல்லதை மட்டும் எழுதினால் போதாதா என்று சிலர் நினைப்பீர்கள். அண்ணன் தன் மேசையில் ஓடின துணியில் இருந்த கறையை மறைத்ததே இல்லை. அவரைப் பற்றி எழுதும்போது நான் மறைத்தால் அது அவருக்கே பிடிக்காது.

அப்போதே டீச்சர் வீட்டுக்குப் போனேன். அடுப்படியில் நின்றுகொண்டிருந்தார்கள். காலில் விழப் போனேன், விலகிக்கொண்டார்கள். ஏன் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று கேட்டேன். உங்க அண்ணன் சொல்ல வேண்டாம்னாவ, நான் சொல்லலை என்றார்கள். அடுப்பை அணைத்துவிட்டு இன்னும் ஒன்று சொன்னார்கள்.

"தெருவுல நின்னு திட்டுனீய. இப்ப அடுப்படிக்குள்ள வந்து மன்னிப்புக் கேக்கீய."

ஆனால் மறுநாள் மதியம் டீச்சர் சுவர் ஓரம் வந்து, கையை நீட்டி டப்பாவை வாங்கிக்கொண்டார்கள்.

கண் டாக்டரிடம் கூட்டிப்போனோம். நரம்பு போய்விட்டது, இனி ஒன்றும் செய்ய முடியாது என்றார். அண்ணனை நான் இராஜபாளையத்துக்கு இழுக்கவில்லை. டப்பாக்கள் முன்போலவே போயின. டீச்சர் முன்போலவே சுட வைத்தார்கள். அண்ணன் மட்டும் போனில் ஒவ்வொரு வாரமும் ஒன்றே கேட்டார்: எல்லாருக்கும் போன் போட்டு டீச்சர் மேல் தப்பில்லை என்று சொன்னாயா? இரண்டு பேருக்குச் சொன்னேன். இரண்டாவது ஆள் சிரித்தார். அதோடு எனக்கு நாக்கு எழவில்லை. அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று தள்ளிக்கொண்டே போனேன்.

ஐந்தாவது மாதம் அண்ணனுக்கு நெஞ்சு வலி வந்தது. ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது டீச்சர். நான் போய்ச் சேரும்வரை அவர் கையைப் பிடித்தபடி இருந்ததும் டீச்சர்தான். என் குரலைக் கேட்டதும் அண்ணன், எல்லாருக்கும் சொல்லிட்டியாட்டி என்று கேட்டார். சொல்லிவிட்டேன் அண்ணே என்றேன். வாழ்நாள் முழுக்க ஒருவரையும் நம்பாத மனிதர், அதை நம்பினார். அன்று சாயங்காலம் அவர் உயிர் பிரிந்தது.

மறுநாள் அண்ணனைக் கூடத்தில் கிடத்தியிருந்தோம். டீச்சர் ஒரு மாலையோடு வந்து வாசற்படியில் நின்றார்கள். நம் உறவில் ஒருவர், அடுப்படிப் பாத்திரத்தையெல்லாம் ஒரு கண் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டீச்சர் காதில் விழும்படியே சொன்னார். எனக்கும் கேட்டது. அண்ணன் ஜன்னலில் நின்றதுபோலவே நானும் நின்றேன். டீச்சர் மாலையைப் படியில் வைத்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டார்கள். சொன்ன உறவினரை நான் குறை சொல்லவில்லை. அவருக்கு அப்படிச் சொல்லிக்கொடுத்தது நான்.

நன்றி சொல்ல வேண்டிய இடம் வந்துவிட்டது. சிகிச்சை அளித்த டாக்டர்களுக்கும், மயான வேலை முழுவதையும் தோளில் சுமந்த மம்சாபுரம் உறவினர்களுக்கும், அண்ணனோடு வேலை பார்த்த செக்கிங் மேசை நண்பர்களுக்கும், இந்தத் தெருக்காரர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

எஸ்தர் டீச்சருக்கு நன்றி என்ற ஒரு சொல் காணாது. அவர்கள் என் அண்ணன் சோற்றில் ஒரு பருக்கை எடுத்ததில்லை. கடைசி மாதங்களில் அவருக்குச் சூடான சோறு கிடைத்தது அவர்களால்தான். அவர்கள் வந்து போனதில் வேறு எந்த அர்த்தமும் கிடையாது. நான் தெருவில் நின்று கத்தினதும், உங்களுக்குப் போனில் சொன்னதும் பொய். அதை மறந்துவிடுங்கள் என்று கேட்க மாட்டேன். மறந்தால் நாளைக்கு இன்னொருவர் பாத்திரத்தை எண்ணச் சொல்வார். பொய் என்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் வாயிலிருந்து அந்தப் பொய்யைக் கேட்டவர்களுக்கும் சொல்லுங்கள். அச்சான பிறகு நான் கையால் எழுதி ஒட்டிய வரிகள் இவை: முதல் பிரதியை இன்று காலையில், தெருவில் நின்று, எல்லோர் முன்னாலும் டீச்சர் கையில் கொடுத்துவிட்டேன். வாங்கிக்கொண்டார்கள்.

அண்ணே, அன்றைக்கு ஆஸ்பத்திரியில் உங்களிடம் சொன்னதும் பொய்தான். இன்றைக்குத்தான் எல்லாருக்கும் சொன்னேன்.

தங்கை,
இராஜபாளையம்.