முதலில் கேட்டவருக்கு மறுத்த வீடு

மாரிக்குப்பம் வரைக்கும் ரயில் வந்த மறு வருஷம், ஆவணி மாதத்தில், தங்கவயலில் ஊரிகம் சுரங்கத்தை ஒட்டிய எங்கள் குடியிருப்பில் நடந்த சங்கதி இது. சுரங்க வேலைக்கு மின்சாரமே வந்துவிட்ட இந்நாளிலும், இதை எழுத உட்கார்ந்தால் எனக்குக் கோபம்தான் முந்திக்கொண்டு வருகிறது. அக்கோபத்தில் ஒரு பங்கு என்மீதே என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

குடியாத்தம் பக்கத்தில் எங்கள் பூர்வீக நிலத்தைப் பார்த்துவந்த தமையனார் காலமானார். ஐப்பசி விதைப்புக்குள் நான் ஊர் திரும்பியாக வேண்டும். ஆகவே வீட்டை விற்கத் தீர்மானித்தேன். எங்கள் தெருவில் மனை சுரங்கக் கம்பெனிக்குச் சொந்தம். அதன்மேல் நாம் எழுப்பிய சுவரும் கூரையும் கதவுமே நமக்குச் சொந்தம். பெரும்பாலோர் மூங்கில் தட்டியில் மண் பூசிக் குடியிருந்த காலத்தில், நான் தேக்குக் கதவும் பனஞ்சட்டமும் போட்டு, நாட்டு ஓடு வேய்ந்திருந்தேன். எந்த மழைக்கும் ஒரு சொட்டு உள்ளே இறங்காது.

முதலில் கேட்டவர் என் வேலைக் கூட்டாளி. அக்காலத்தில் எங்கள் சுரங்கத்தில் பாறையைத் துளைப்பது கைவேலை. ஒருவர் இரும்புக் கம்பியைப் பாறையில் ஊன்றிப் பிடித்து, அடிக்கு அடி திருப்பிக் கொடுக்க வேண்டும். மற்றவர் அதன் தலையில் சம்மட்டியால் அடிக்க வேண்டும். பிடிப்பவன் நான், அடிப்பவர் அவர். மெழுகுவத்தி வெளிச்சத்தில், ஆறு வருஷமாக, என் இரு கைகளும் அவருடைய சம்மட்டிக்குக் கீழேதான் இருந்தன. ஒரு நாளும் அவர் குறி தப்பியதில்லை. அவர் எங்கள் தெருவார் தீண்டத் தகாதவர் என்று விலக்கி வைத்த வகுப்பில் பிறந்தவர். மேலே வெளிச்சத்தில் என்னைச் 'சாமி' என்பார். கீழே இறங்கிவிட்டால் 'அண்ணே'. இதை நாங்கள் பேசி வைத்துக்கொள்ளவில்லை. தானாக அப்படி அமைந்தது.

"அண்ணே, வூட்ட விக்கப் போறீங்களாமே? எனக்குக் குடுங்கண்ணே. நீங்க சொல்ற வெலதான், பேரமே கெடையாது. எம் பொண்டாட்டிக்கு மாசம் நெருங்கிக்கினு கீது. எங்க தட்டி இந்த மழைக்குத் தாங்காது" என்றார்.

விலையைச் சொன்னேன். உடனே தலையசைத்தார். அக்கணமே நானும் தலையசைத்திருக்க வேண்டும். "நாளைக்குச் சொல்றேன்" என்று வந்துவிட்டேன்.

அன்று மாலையே எங்கள் தெரு மேஸ்திரி வாசலில் வந்து நின்றார்.

"இன்னாய்யா, மொத ஆளு கேட்டவொடனே தூக்கிக் குடுத்துடுவியா? ரயிலு வந்துகீது. பவுரிங்பேட்டைக் கடைக்காரனுங்க நான் நீன்னு வருவானுங்க. கொஞ்சம் பொறு." பிறகு குரலைத் தாழ்த்தினார். "அதுவுமில்லாம, தெருவுக்குத் தண்ணித் தொட்டி ஒண்ணுதான் கீது. நெனவு வச்சிக்கோ."

தொட்டிப் பேச்சுதான் என்னை அசைத்தது. ஆயினும் விலைப் பேச்சையே காரணமாக எடுத்துக்கொண்டேன். அது கௌரவமாக இருந்தது. உள்ளேயிருந்து என் மனைவி கேட்டாள்: "அந்தாளு சம்மட்டிக்குக் கீழ ஆறு வருசமா கைய வச்சிக்கினு இருந்தீங்க. அந்தக் கையால வூட்டுச் சாவியக் குடுக்க மட்டும் பயமா?" அவளை அதட்டி அடக்கினேன்.

மறுநாள் சுரங்கத்தில், "மொதக் கேள்விக்கே குடுத்தா எப்படி? இன்னும் ரெண்டு பேரு வரட்டும், பாக்கலாம்" என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். "சரிங்க சாமி" என்றார். கீழே அவர் அப்படி அழைத்தது அதுவே முதல் முறை. பின்பு சம்மட்டியை எடுத்தார். அன்றும் குறி தப்பவில்லை.

மூன்று வாரம் போயிற்று. சுரங்கத்துக்குள்ளும் இப்போது 'சாமி'தான். பவுரிங்பேட்டையிலிருந்து ஒரு மனிதரும் வரவில்லை. மழைதான் வந்தது. அம்மழையில், தங்கவயலிலேயே கோரமண்டல் என்னும் குடியிருப்பில் இருந்த தட்டிக் குடிசையில், என் கூட்டாளி கூரைக்கு மேல் சாக்குகளைப் பரப்பி, கீழே சட்டிகளை வைத்து ஒழுகலைப் பிடித்துக்கொண்டிருக்கையில், அவர் மனைவி பிள்ளை பெற்றாள். அந்நேரம் என் வீடோ, பாதிச் சாமான் ஊருக்குப் போய்விட்டபடியால், காய்ந்து வெறுமையாகக் கிடந்தது.

புறப்பட ஐந்து நாளே இருந்தபோது மேஸ்திரி மறுபடி வந்தார். வாங்குகிறவர் யாரென்று அப்போதுதான் தெரிந்தது.

"ஊருக்குப் போற அவசரத்துல கீறே. இனிமே யாரு வரப்போறா? பாதி வெலைக்கு நானே எடுத்துக்கிறேன், தெரு ஆளாச்சேன்னு."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. தண்ணீர்த் தொட்டியின் சுத்தத்தைக் காக்கப் புறப்பட்ட மனிதர் காத்து வைத்திருந்தது தம்முடைய பாதி விலையை! அண்டை வீட்டார் இருவர் பக்கத்தில் நின்று, "பெரியவரு நல்லதுக்குத்தான் சொல்றாரு" என்று ஒத்து ஊதினார்கள். ஒரு மனிதனை அவன் பிறப்பைச் சொல்லித் துரத்திவிட்டு, அவன் விட்ட இடத்தில் தாங்கள் மலிவாக உட்காருவதற்கு நல்லது என்று பெயர் வைத்திருந்தார்கள்.

"மனை கம்பெனியுது. தெரு உங்களுது. வூடு மட்டும் என்னுது. அத நான் எடுத்துக்கினு போறேன்" என்று சொல்லிவிட்டு நேரே கோரமண்டலுக்கு நடந்தேன்.

கூட்டாளி நனைந்த தட்டியை வெயிலில் சாய்த்துக்கொண்டிருந்தார். வீட்டைத் தருவதாகச் சொன்னேன்.

"அந்தத் தெரு ஒத்துக்காதே, சாமி."

"தெரு அங்கியே கெடக்கட்டும். வூடு இங்க வரும்."

மறுநாள் காலை இருவருமாகக் கூரை ஏறினோம். தெருவே பார்த்து நிற்க, ஓடுகளை ஒவ்வொன்றாக இறக்கி, சட்டங்களைக் கழற்றி, கதவை நிலையோடு பெயர்த்து, மூன்று வண்டியில் ஏற்றினோம். மேஸ்திரிக்கு மண்சுவர் நான்கு மிஞ்சியது. நான்காம் நாள் கோரமண்டலில், அவர் குடிசையின் மீது என் கூரை நின்றது. விலையைக் குறைத்துக்கொள்ளும்படி கெஞ்சினேன். "அன்னிக்கு ஒத்துக்கினது ஒத்துக்கினதுதான், சாமி" என்று முழுப் பணத்தையும் என் கையில் வைத்தார். ஆறு வருஷம் அவர் சம்மட்டிக்குக் கீழே இருந்த கையால் கதவின் சாவியை அவரிடம் கொடுத்தேன்.

நான் ரயில் ஏறிய அன்று அவர் நிலையத்துக்கு வந்திருந்தார். மூட்டைகளை ஏற்றிக் கொடுத்துவிட்டு, "போய்ட்டு வாங்க, சாமி" என்றார்.

முதல் கேள்விக்கே விற்கலாமா, காத்திருக்கலாமா என்று என்னிடம் யோசனை கேட்க இன்றும் சிலர் வருகிறார்கள். காத்திருக்கச் சொல்வது யார், எதற்காகச் சொல்கிறார் என்று பாருங்கள் என்பேன். நான் காத்திருந்த மூன்று வாரத்தால் எனக்குக் கிடைத்த விலையில் ஒரு காசும் குறையவில்லை. 'அண்ணே' என்று அழைத்த ஒரு குரல் மட்டும் போயிற்று, அது இன்றுவரை எனக்குத் திரும்பி வரவில்லை.