அமாவாசையன்று மட்டும் ஒழுங்காய் ஓடிய கம்ப்யூட்டர்

எங்கள் வீட்டுக்குள் லினக்ஸைக் கொண்டுவந்தது நான்தான். யாரும் கேட்கவில்லை. ஒரு பட்டு முதலாளிக்காக நான் புடவை பார்டருக்கு டிசைன் போடும் கம்ப்யூட்டரில் இருந்த பழைய சிஸ்டத்தைத் துடைத்தெறிந்தேன், கூடுதலாக ஒரு ரேம் வாங்கிச் சொருகினேன், இனி இது ஹேங் ஆகவே ஆகாது என்று வீடு முழுக்கத் தம்பட்டம் அடித்தேன். அதைக் கேட்டவர்களில் என் கொழுந்தனாரும் ஒருவர். அவருக்கு ஸ்ரீபெரும்புதூரில் ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை. அண்ணிக்கு எதற்கு இந்த வேலையெல்லாம் என்று சிரித்துக்கொண்டே சொல்வார். சிரிக்காமல் சொன்னாலாவது பதிலுக்குச் சண்டை போடலாம்.

இரண்டே நாளில் ஹேங் ஆனது. திரையில் அம்புக்குறி ஒரு மாங்காய் டிசைனின் நடுவில் நின்றது நின்றதுதான். கீபோர்டில் நம்லாக் பட்டனை அமுக்கினேன், விளக்கு அணையவில்லை. லினக்ஸ்காரர்கள் கடைசி மருந்தாக ஒரு பட்டன் வரிசை வைத்திருக்கிறார்கள், இரண்டு பட்டனைப் பிடித்துக்கொண்டே ஆறு எழுத்தை ஒவ்வொன்றாய் அமுக்க வேண்டும். விரல் சுளுக்கியதுதான் மிச்சம். பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்தேன். ஒரு மணி நேர வேலை போச்சு.

அதன்பிறகு தினமும் ஒன்று, இரண்டு தடவை. கம்ப்யூட்டர் நடந்ததை எல்லாம் எழுதிவைக்கும் லாக் ஃபைலைத் திறந்தால், நின்ற நிமிடத்துக்கு முன்னால் வரை ஊர்க்கதை இருக்கும், அதற்குப் பிறகு ஒரு வரி இருக்காது. முகம் தெரியாத யாரோ எழுதிய யோசனைகளை இரண்டு மாதமாகப் படித்தேன். கிராபிக்ஸ் டிரைவரை மாற்றினேன், லினக்ஸின் உள்கருவான கெர்னலைப் பழையதாக மாற்றினேன், ஃபேனில் இருந்த தூசியை மேக்கப் பிரஷ்ஷால் தட்டினேன். பிரஷ் கெட்டது.

ஒருநாள் கொழுந்தனார் எதிரிலேயே நின்றுவிட்டது. அவர் ரொம்பப் பரிதாபமாக முகத்தை வைத்துக்கொண்டார்.

"அடுத்த ஞாயித்துக்கிழமை வரேன் அண்ணி. நான் இருக்கும்போது ஹேங் ஆச்சுன்னா பழைய சிஸ்டத்தையே போட்டுக் குடுத்துடறேன். ஓகேவா?"

வீம்புக்குச் சரி என்று சொல்லிவிட்டேன். அந்த வீட்டில் நானாக முடிவெடுத்துச் செய்த காரியம் என்று அது ஒன்றுதான் இருந்தது. அதையும் அவர் வந்து துடைத்துவிட்டுப் போனால், அப்புறம் மிக்ஸி வாங்கக்கூட என்னை யாரும் கேட்க மாட்டார்கள்.

என் கணவர் இதில் தலையிடவே இல்லை. என் மேஜைக்குப் பின்னால் இருக்கும் சுவருக்கு அந்தப் பக்கம்தான் அவருடைய தறி. நடுவில் ஒரு வாசல், கதவு கிடையாது. நான் கம்ப்யூட்டரைத் திட்டுவது அவருக்குக் கேட்கும், அவர் பலகையை இழுத்து அடிப்பது எனக்குக் கேட்கும். கல்யாணமான நாளாகக் கேட்கும் சத்தம், காதில் ஏறுவதே இல்லை.

அந்த வியாழக்கிழமை அமாவாசை. அமாவாசையன்று எங்கள் தெருவில் தறி ஓடாது. அவர் கோயிலுக்குப் போய்வந்து தூங்கினார். எனக்கு அது வசதியாகப் போயிற்று. ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்டைக் காலையில் ஓடவிட்டேன், மாலை வரை ஓடியது. ஒரு பிழைகூட இல்லை. பிறகு உட்கார்ந்து வரைந்தேன், வெண்ணெயாய் வேலை செய்தது. ரேம் மேல் குற்றமில்லை என்று தீர்ப்பு எழுதினேன். மறுநாள் காலையிலேயே நின்றது.

ஞாயிறு ஒன்பது மணிக்கெல்லாம் கொழுந்தனார் வந்துவிட்டார். அன்றைக்குப் பார்த்து என் கணவர் இடுப்பு வலி என்று பாயைப் போட்டுப் படுத்துக்கொண்டார். நெய்து முடித்து அறுக்க வேண்டிய புடவை தறியில் கிடக்கிறது, மனிதருக்கு இப்போதா வலி வரவேண்டும் என்று எரிச்சலாக இருந்தது. கொழுந்தனார் வீடியோ ஓட்டினார், என் டிசைன்கள் அத்தனையையும் ஒரே நேரத்தில் திறந்தார், பிரவுசரில் முப்பது பக்கம் போட்டார். கம்ப்யூட்டர் அசரவில்லை. மத்தியானம் பிரியாணியைச் சாப்பிட்டுவிட்டு, எப்படியோ சரிபண்ணிவிட்டீர்கள் என்று ஒப்புக்கொண்டு கிளம்பினார். கெர்னல் பிரச்சனை, மாற்றிவிட்டேன் என்று கூசாமல் சொன்னேன்.

பைக் தெருமுனை திரும்பியதும் கணவர் எழுந்து தறிக்குழியில் இறங்கினார். சரிகை போகிற இடத்தில் அவர் எப்போதும் ஓங்கி அடிப்பார். நாலாவது அடியில் என் அம்புக்குறி நின்றது.

எழுந்து நடுவாசலில் போய் நின்றேன். இடுப்பு வலி என்னவாயிற்று என்று கேட்டேன். அவர் சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை.

"நான் ஓங்கி அடிச்சா அது நின்னுடுது. மொத வாரத்துலேருந்து பாத்துக்கினுதான் இருக்கேன்."

"அப்ப ஏன் சொல்லல?"

"நீதானம்மா சொன்ன, உங்களுக்கு இதுல ஒண்ணும் தெரியாது, வாயத் தொறக்காதீங்கன்னு."

சொல்லியிருந்தேன். லினக்ஸ் போட்ட அன்றே, அவர் ஏதோ கேட்க வந்தபோது, திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னேன். எனக்கு வெட்கமாக இருந்தது. அவர் படுத்தே என்னைக் காப்பாற்றியிருக்கிறார், நான் மனசுக்குள் அவரைத் திட்டிக்கொண்டு பிரியாணி கிண்டியிருக்கிறேன்.

மெம்டெஸ்டை மறுபடி போட்டு, அடிக்கச் சொன்னேன். அவர் அடிக்க அடிக்கத் திரையில் சிவப்புச் சிவப்பாய்ப் பிழை வரிகள் விழுந்தன. கேபினெட்டைத் திறந்தேன். நான் புதிதாகச் சொருகிய ரேம் ஒரு பக்கம் சரியாக உட்காரவே இல்லை. தறி அடிக்கும்போதெல்லாம் தரை வழியாக அதிர்ந்திருக்கிறது. அழிரப்பரால் அதன் பல்வரிசை போன்ற முனையைத் துடைத்து, டக்கென்று சத்தம் வரும்வரை அமுக்கினேன். அதன்பிறகு அவர் எவ்வளவு ஓங்கி அடித்தும் ஒன்றும் ஆகவில்லை.

இனிமேல் என்ன தோன்றினாலும் உடனே சொல்லிவிட வேண்டும் என்று அவரிடம் கேட்டுக்கொண்டேன். பெரிய மனசுடன்தான் கேட்டேன்.

அவர் கையை நிறுத்தினார். "இப்பவே ஒண்ணு சொல்லட்டுமா?"

"சொல்லுங்க."

"நாளைக்கு முதலாளிக்கு அனுப்பப்போறியே ஒரு பார்டர். அதுல இருக்கிற யாளிக்கு அஞ்சு காலு இருக்குது."

போய்ப் பெரிதாக்கி எண்ணினேன். ஐந்துதான்.