பழைய இஞ்சின் மேல் போட்ட பழி

மும்பை மாட்டுங்காவில் கார் நிறுத்தவே இடம் கிடைக்காது. பத்ரிநாராயணனோ விமானமே வைத்திருந்தார். கப்பல் கம்பெனியில் பெரிய உத்தியோகம் பார்த்து ரிட்டயரானவர். இரண்டு பேர் உட்காரும் அந்தச் சின்ன விமானத்தில் பறக்க, ஞாயிறானால் மனைவி சாருலதாவோடு மலை தாண்டியிருந்த ஓடுதளத்துக்குப் போய்விடுவார்.

கிளம்புமுன் அவள் ஒவ்வொன்றாய்க் கேட்பாள். அவர் தொட்டுப் பார்த்துப் பதில் சொல்ல வேண்டும்.

"பெல்ட்?"

"ஆச்சு."

"பெட்ரோல் வால்வு?"

"ஆச்சு."

கேஸை மூடியாச்சா, பால் வாங்கியாச்சா என்று காலமெல்லாம் கேட்ட வாய் அவளுடையது. பேப்பரிலிருந்து தலை தூக்காமலே "ஆச்சு" சொன்ன வாய் அவருடையது.

போன மாதம் ஓடுதளத்தில் வேகம் பிடிக்கும்போது இஞ்சின் பொசுக்கென்று அடங்கியது. விமானம் புல்லில் இறங்கி நின்றது. இஞ்சின் இன்னும் கொஞ்சம் ஓடியிருந்தால் விமானம் மேலே ஏறியிருக்கும்; அடியில் கல்குவாரி.

"பழைய இஞ்சின், காலை வாரிடுத்து" என்றார். மெக்கானிக் பாவம், பிரித்துப் போட்டுத் தேடினான். எங்கே அகப்படும்? கிளம்பும்போது வால்வு மூடியே கிடந்தது; குழாயில் மிச்சமிருந்த பெட்ரோலில்தான் இஞ்சின் அவ்வளவு தூரம் ஓடியது. நின்றதும் வால்வைச் சத்தமில்லாமல் திறந்துவிட்டது பத்ரிநாராயணன்தான். அன்றிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை. புது விமானம் வாங்கிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார்.

கிங்ஸ் சர்க்கிள் ஹோட்டலில், விமானம் வாங்கி விற்கும் ஏஜென்ட் சாய்நாத் மொபைலில் புது விமானத்தின் படம் காட்டினான். "எது மறந்தாலும் ஸ்க்ரீனே கத்தும் அங்கிள். ஏக்தம், சுத்தமா டென்ஷன் ஃப்ரீ!" போன் வரவே வெளியே போனான்.

சாருலதா காபியைத் தொடவில்லை.

"அன்னிக்கு வால்வுன்னு கேட்டப்போ உங்க கை மடியிலேயே இருந்தது. இஞ்சின் நின்னப்புறம்தான் அங்கே போச்சு. பாத்துண்டுதான் இருந்தேன்."

அவருக்கு முகம் வெளுத்துவிட்டது. "அப்பவே ஏன்டீ சொல்லலை?"

"நீங்களே சொல்வேள்னு இருந்தேன்." அவள் குரல் உடைந்தது. "மறந்தது பெரிசில்லை. மறைச்சேளே, அதுதான் பயமா இருக்கு. புதுசுலயும் நீங்கதானே ஆச்சும்பேள்? நான் எப்படி நம்பி ஏறுவேன்?"

அவமானத்தில் அவருக்கு அங்கேயே செத்துவிடலாம் போலிருந்தது. அவள் இல்லாமல் அவர் ஒருநாளும் பறந்ததில்லை.

சாய்நாத் திரும்பி வந்தான். "புக் பண்ணிடவா அங்கிள்?"

"வேண்டாம்ப்பா. பழசையும் வித்துடு."

"இஞ்சின் பிராப்ளம்னு சொன்னீங்களே, யார் வாங்குவாங்க?"

பத்ரிநாராயணன் மனைவியைப் பார்த்தார்.

"இஞ்சின்ல ஒண்ணுமில்லை. நான்தான் வால்வைத் திறக்கலை."