அக்கா எம்.ஏ. படித்தது யார் தயவிலும் அல்ல

எங்கள் அக்கா எங்களை விட்டுப் போய் இன்றோடு ஓராண்டு. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். ஐந்தாம் வகுப்போடு நின்ற நான் ஏன் எழுத உட்கார்ந்தேன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

அக்கா பிறந்தது பெருமாநல்லூரில். அப்பாவுக்குத் தறி. அப்பா இறந்தபோது அக்கா பள்ளி இறுதி வகுப்பில் இருந்தார். இருவரில் ஒருவர்தான் படிக்க முடியும் என்று அம்மா சொன்னார்கள். நான் பனியன் கம்பெனிக்குப் போனேன். அதற்காக யாரும் என்னைப் புகழ வேண்டாம். எனக்குப் படிப்பு வரவில்லை, அக்காவுக்கு வந்தது. கோவையில் பி.ஏ.வும் ஆசிரியர் பயிற்சிக்கான பி.டி.யும் முடித்து, திருப்பூரில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் ஆங்கில ஆசிரியையாகச் சேர்ந்தார்.

நான்கைந்து வருடம் கழித்து ஒருநாள் சொன்னார்: "இங்கிலீசுப் பாட்டு நடத்தறப்ப ஒரு புள்ள கேள்வி கேட்டுது தம்பி. எனக்குப் பதில் தெரியல. தெரியாதத மறைச்சுக்கிட்டு எத்தன வருசம் நிக்கறது? நான் எம்.ஏ. படிக்கோணும்."

வேலையில் இருந்தபடியே வீட்டில் படித்து எம்.ஏ. தேர்வு எழுத ஆசிரியர்களுக்கு அப்போது வழி இருந்தது. ஆனால் விண்ணப்பத்தில் பள்ளித் தாளாளர் கையெழுத்துப் போட வேண்டும். அக்கா பள்ளித் தாளாளர் அதையெல்லாம் தம் வீட்டில்தான் வாங்குவார். ஆசிரியைகள் அங்கே போகும் வழக்கம் இல்லை. வீட்டு ஆண்பிள்ளை கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். அக்காவுக்கு இருந்த ஆண்பிள்ளை நான்.

முதல் வருடம், "வெச்சுட்டுப் போ, பாக்கலாம்" என்றார். "சரிங்க" என்று வந்துவிட்டேன். கடைசித் தேதி போயிற்று.

இரண்டாம் வருடம் நாலு பேரை வைத்துக்கொண்டு கேட்டார்: "உங்கக்கா எம்.ஏ. படிச்சு யாருக்குச் சொல்லிக்குடுக்கப் போறா? நம்ம பசங்க நாளைக்கு உன்ற கம்பெனிக்குத்தானப்பா வருவாங்க. நீயே சொல்லு, துணி வெட்டறதுக்கு இங்கிலீசு வேணுமா?" எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்புக்காக என்னை நானே இன்னும் மன்னிக்கவில்லை.

மூன்றாம் வருடம்தான் உண்மை வெளியே வந்தது. "எட்மாஸ்டரே பி.ஏ.தான். அவருக்கு மேல ஒரு பொம்பள படிச்சா பள்ளிக்கூடம் எப்படி நடக்கும்?" அதற்கும் "சரிங்க" என்றேன்.

அக்கா திட்டவில்லை. "நீ என்ன சொன்ன?" என்று மட்டும் கேட்டார்.

"சரின்னு சொன்னனுங்க்கா."

"எதுக்குடா சரி?"

அடுத்த வருடம் அக்காவே போனார். நான் வாசலில் நின்றேன். உள்ளே அவர் குரல் உயரவே இல்லை. "கையெழுத்துப் போடுங்க சார். இல்லீன்னா, போட மாட்டேன்னு அதே தாள்ல எழுதிக் குடுங்க. ரெண்டுல ஒண்ணு வாங்காம நான் போறதில்லீங்க." எழுதிக் கொடுக்கத் தாளாளருக்குத் தைரியம் இல்லை. கையெழுத்துப் போட்டார்.

அதன்பின் இரண்டு வருடம் அக்கா படித்தார். பனியன் மடிக்கும்போது உள்ளே வைக்கும் அட்டையில், அச்சுக் கோணலானதைக் கம்பெனியில் கேட்டு வாங்கி வருவேன். அதன் பின்பக்கத்தில்தான் அக்கா குறிப்பு எழுதினார். இரண்டு பெட்டி நிறைய இப்போதும் இருக்கிறது. விடுமுறை கேட்டபோது மறுத்தார்கள். சம்பளமில்லா விடுப்புப் போட்டுத் தேர்வு எழுதித் தேறினார். ஆசிரியர் அறையில் பெயரும் பட்டமும் எழுதிய பலகை ஒன்று உண்டு. ஐந்து வருடம் அதில் அக்கா பி.ஏ.வாகவே இருந்தார். "பெயிண்டர் வரட்டும்மா" என்றார்கள். புது ஆசிரியர்கள் பெயரை எழுத மட்டும் பெயிண்டர் வந்துபோனார்.

பிறகு வயிற்றில் கட்டி. கோவை ஆஸ்பத்திரியில் ஐந்து மாதம். வலியிலும் பத்தாம் வகுப்புக் கட்டுரை நோட்டுகளை வரவழைத்துத் திருத்தினார்.

இந்த மலர் தயாராகும்போது பள்ளி எழுத்தர் இரங்கல் தாள் ஒன்று கொண்டுவந்தார். முதல் பக்கத்தில் போட வேண்டுமாம். 'நிர்வாகம் அளித்த ஊக்கத்தால் எம்.ஏ. பட்டம் பெற்றார்' என்று அதில் இருந்தது. அக்கா எம்.ஏ. என்று அந்தப் பள்ளி எழுதியது அன்றுதான் முதல்முறை.

"இல்லீங்க. இதப் போட முடியாதுங்க" என்றேன்.

"ஏனுங்க, நல்லாத்தான எழுதியிருக்குது?"

"நல்லாத்தான் இருக்குது. ஆனா நடக்கலீங்களே."

அவர் தாளை மடித்துக்கொண்டு போனார். இதை எழுத நான் உட்கார்ந்தது அதனால்தான்.

படிக்கப் புத்தகங்களைப் பஸ்ஸில் கொடுத்தனுப்பிய அக்காவின் கல்லூரித் தோழிக்கும், அட்டை தந்த கம்பெனி மடிப்புப் பகுதிப் பெண்களுக்கும், ஆஸ்பத்திரியில் முறை வைத்து உடனிருந்த பழைய மாணவிகளுக்கும் எங்கள் குடும்பம் என்றும் நன்றி உடையது. இதில் இல்லாதவர்களுக்குக் காரணம் தெரியும். தாளாளர் வீட்டுக்கும் ஒரு பிரதி அனுப்புகிறோம்.

முதல் பக்கத்தில், அக்கா படத்துக்குக் கீழே எம்.ஏ., பி.டி. என்று அச்சிட்டிருக்கிறோம். அதற்கு யாரிடமும் கையெழுத்து வாங்கவில்லை.