ஒன்பது நிமிடம்

கட்டப்போகும் வீட்டை முன்கூட்டியே படமாகக் காட்டுவது அவர் வேலை. வரைந்து முடித்துப் பொத்தானை அழுத்தினால் வெயில், நிழல், கண்ணாடிப் பளபளப்பு எல்லாவற்றையும் கணினி கணக்குப் போட்டுப் படமாகத் தர இரண்டேமுக்கால் மணி நேரம் பிடிக்கும். நடுவில் தொட்டால் எல்லாம் பாழ். அலுவலகத்தில் இதற்கு 'உலை வைப்பது' என்று பேர்.

"உலை வச்சாச்சா அண்ணே? ஓடுங்க ஓடுங்க, அண்ணி காத்திருப்பாங்க. புது மாப்பிள்ளை தோத்தான்!" என்பாள் வரவேற்பில் இருக்கும் பெண்.

ஓடுவார். வீடு இரண்டு தெரு தள்ளி. மனைவிக்குப் பக்கவாதம் வந்து ஆறு வருஷம்; இடப்பக்கம் அசையாது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். தவறினால் இடுப்பெலும்பு அழுத்துகிற இடத்தில் தோல் செத்துப்போகும். காலை உலை, சாப்பாட்டு வேளை, பிற்பகல் உலை என்று மூன்று முறை போய்விடுவார். ஆறு வருஷத்தில் ஒரு புண் கிடையாது. பயிற்சி பெற்ற நர்சுகள் பலரால்கூட இப்படி மார்தட்ட முடியாது.

வேகமான கணினி வாங்க நினைத்த முதலாளி, சோதித்துப் பார்க்க அவரையே அனுப்பினார். பழைய கணினியில் இரண்டேமுக்கால் மணி நேரம் பிடித்த ஒரு வீட்டையே அதில் ஓட்டிப் பார்த்தார். ஒன்பது நிமிடம். வாங்கலாம் என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார். வேலை மதியமே முடியும், வீட்டுக்குக் கிளம்பிவிடலாம் என்று மனக்கோட்டை. முப்பது வருஷம் சம்பளத்துக்கு உழைத்தவருக்கு இந்தப் புத்தி.

கணினி வந்தது. அலுவலகம் செழித்தது, இல்லை என்று சொன்னால் பொய். வீடு கட்டுபவர்களைப் பக்கத்திலேயே உட்காரவைத்து, சுவர் நிறத்தை மாற்று, ஜன்னலைப் பெரிதாக்கு, இதோ பாருங்கள், கையெழுத்துப் போடுங்கள். மாதக்கணக்கில் இழுத்த ஒப்பந்தங்கள் ஒரே வாரத்தில் முடிந்தன. அவரால்தான் நாற்காலியை விட்டு எழுந்திருக்க முடியவில்லை.

மூன்றாவது வாரம் மனைவியின் இடுப்பில் சிவப்பு. விரலால் அழுத்தினார், வெளுக்கவில்லை. புண் உள்ளே தொடங்கிவிட்டது என்று அவருக்குத் தெரியும். மறுநாள் முதலாளியிடம் போனார்.

"சார், நடுவுல ரெண்டு தடவை அரை மணி நேரம் வீட்டுக்குப் போயிட்டு வரணும். முன்னாடி போனதுதான்."

"முன்னாடி மெஷின் ஓடிச்சு, நீங்க சும்மா இருந்தீங்க. இப்ப ஆளுங்க வந்து உட்கார்ந்திருக்காங்களே! ஒன்பது நிமிஷம்னு எழுதிக் கொடுத்ததே நீங்கதானே?"

"அப்ப அந்தப் பழைய மெஷினையே எனக்குக் குடுத்துடுங்க சார்."

முதலாளி விழுந்து விழுந்து சிரித்தார். "நல்லா தமாஷ் பண்றீங்க."

அன்று சாயங்காலம் தோல் உடைந்திருந்தது. உப்புநீரில் கழுவி, ஒற்றியெடுத்து, துணி வைத்துக் கட்ட முக்கால் மணி நேரம் ஆயிற்று. சுவரைப் பார்த்தபடி மனைவி குழறினாள்.

"படுத்துக் கெடக்கறது நான். உங்களை யாரு நாற்காலியோட கட்டிப்போட்டது?"

அவர் அவளை மெல்ல மறுபக்கம் புரட்டினார். நாளைக் காலை பத்து மணிக்கு அலுவலகத்துக்கு ஒரு தம்பதி வருகிறார்கள். அவர்கள் வீட்டுப் படத்தில், படுக்கையறையில் வெளிச்சம் போதவில்லையாம்.