சொந்தக்காரர் இல்லாத தீவு

திருவொற்றியூர் தேரடிப் பக்கம் வந்து பாத்திரக்கடை எங்கே என்று கேட்டால் அய்யாத்துரை அண்ணாச்சி கடையைத்தான் கை காட்டுவார்கள். அங்கே கல்லாவில் உட்கார்ந்திருக்கும் ராமசெல்விக்குப் பெயர் என்று ஒன்று உண்டு என்பது பாதிப் பேருக்குத் தெரியாது. அண்ணாச்சி வீட்டம்மா, அவ்வளவுதான். திசையன்விளைப் பக்கத்திலிருந்து இருபத்தொரு வயதில் கல்யாணமாகி வந்தவள். இப்போது நாற்பத்தேழு. கீழே கடை, மேலே வீடு. காலையில் இறங்கினால் மத்தியானம் சமைக்க ஏறுவாள், மறுபடி இறங்குவாள். ஒரே மகளைத் தூத்துக்குடியில் கட்டிக்கொடுத்த பிறகு மேலே பேச்சுத்துணைக்கு ஆள் இல்லை. வேலை மட்டும் குறையவில்லை.

ஊருக்கே போகாதவள் என்று அவளைச் சொல்ல முடியாது. வருஷத்துக்கு மூன்று தடவையாவது ரயிலேறுவாள். பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயில், அம்மன் கோயில் கொடை, யார் வீட்டிலாவது கல்யாணம், பதினாறாம் நாள் காரியம். எந்த வீட்டுக்குப் போனாலும் பையை வைத்துவிட்டு முகம் கழுவுவதற்குள் யாராவது அவளை அடுக்களைக்குள் கூப்பிட்டுவிடுவார்கள். நாகர்கோவிலில் ஒரு கல்யாணத்துக்குப் போய் நான்கு நாள் இருந்தும் கன்னியாகுமரியை எட்டிப் பார்க்காமல் திரும்பியிருக்கிறாள். கடல் என்றால் அவள் வீட்டு மொட்டை மாடியிலிருந்தும் தெரியும். ஆனால் நடுவில் எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகள் துறைமுகத்துக்காக வரிசை கட்டி நிற்கும். அதையும் தாண்டிப் போனால் கரை முழுக்கக் கொட்டிவைத்த பாறாங்கல். காலை நனைக்க இடம் கிடையாது.

கடைக்கு அடுத்த கட்டிடத்தில் பெர்சிஸ் என்பவள் பஸ், ரயில், விமான டிக்கெட் போடும் ஆபீஸ் வைத்திருந்தாள். அவளுடைய அப்பா நாசரேத்திலிருந்து ராயபுரத்துக்கு வந்து மாவுமில் நடத்தியவர். பெர்சிஸ் பிறந்து வளர்ந்ததெல்லாம் ராயபுரம்தான். ஆனி மாதம் ஒருநாள் மத்தியானம், வியாபாரம் மந்தமாக இருந்த நேரம் பார்த்து ராமசெல்வி அவள் எதிரே போய் உட்கார்ந்தாள்.

"நம்ம ஆளுக யாருமே இல்லாத ஊரு ஏதாவது இருக்கா பெர்சிஸ்?"

ராமசெல்வி விளையாட்டுக்குக் கேட்கிறாள் என்றுதான் பெர்சிஸ் நினைத்தாள். ஒவ்வொரு ஊராகச் சொல்லிப் பார்த்தாள். மும்பையில் ராமசெல்வியின் கொழுந்தன் மகன் இருந்தான். பெங்களூரில் அவளுடைய சித்தப்பா வகையறா பலசரக்குக் கடை வைத்திருந்தார்கள். கோவா என்றதற்கு, அங்கே ஒரு அத்தை மகன் லாட்ஜில் மேனேஜர் என்றாள். கடைசியில் பெர்சிஸ் கம்ப்யூட்டரைத் திருப்பி அந்தமானைக் காட்டினாள்.

"போர்ட் பிளேர்ல நம்மாளுங்க கடைகடையா இருக்காங்க அக்கா, பொய் சொல்ல மாட்டேன். ஆனா அங்கேர்ந்து படகுல போனா நீல்னு ஒரு குட்டித் தீவு. வங்காளிங்க காய்கறி போடுறாங்க. மத்தபடி தென்னை, கடல். உங்களைத் தேடிக்கிட்டு ஒருத்தரும் வர மாட்டாங்க."

அந்தக் கடைசி வார்த்தைக்காகவே ராமசெல்வி அந்தத் தீவைப் பிடித்துக்கொண்டாள்.

எப்போது போவது என்பதுதான் பெரும்பாடாக இருந்தது. தை மாதம் பொங்கல் பானையும் கல்யாணச் சீர்வரிசையும். மாசியில் கோயில் திருவிழாக் கூட்டம். பங்குனியில் சாஸ்தா. சித்திரை, வைகாசியில் மறுபடியும் முகூர்த்தம், அதோடு பள்ளிக்கூடம் திறக்கிற நேரத்து டிபன் பாக்ஸ். ஆடியில் கடை காற்று வாங்கும். ஆனால் அப்போது அங்கே மழை, கடல் கொந்தளிப்பு, படகே விடமாட்டார்கள் என்றாள் பெர்சிஸ். புரட்டாசியிலும் அதே கதை. ஐப்பசியில் தீபாவளி. கார்த்திகையில் புயல் எங்கே அடிக்கும் என்று யாருக்கும் தெரியாது. காலண்டரை முன்னும் பின்னும் புரட்டியதில் ராமசெல்விக்கு அகப்பட்டது மார்கழியின் முதல் பத்து நாள். மார்கழியில் கல்யாணம் கிடையாது, புதுப்பாத்திரம் வாங்கவும் சனங்கள் யோசிப்பார்கள். பொங்கல் வியாபாரம் சூடு பிடிப்பது போகியை ஒட்டித்தான்.

பெர்சிஸ் தலையில் கை வைத்தாள். அது கிறிஸ்மஸ் வாரம். ஊர் உலகமே தீவுக்குப் போகிற வாரம். விமானத்தில் இடம் கிடைக்காது, அறை கிடைக்காது, கிடைத்தாலும் மற்ற மாதத்தைப் போல இருக்காது. இப்போதே பதிந்தால்தான் உண்டு, பதிந்த பிறகு மாற்றவோ ரத்து செய்யவோ முடியாது.

"முடியாதா?" என்று ராமசெல்வி இரண்டு தடவை கேட்டுக்கொண்டாள். "அப்ப போட்டிரு. ரெண்டு பேருக்கு."

அய்யாத்துரை கெட்ட மனிதர் இல்லை. கை நீட்டியதில்லை, அதட்டியதும் குறைவு. எதற்கும் மாட்டேன் என்று சொல்லவும் மாட்டார். பாப்போம் என்பார். இருபத்தாறு வருஷத்தில் அந்தப் பாப்போமுக்குள் கொடைக்கானலும் திருப்பதியும் மகள் கேட்ட மைசூரும் போய் மறைந்திருந்தன. ஆனால் அவருக்கு ஒரு பொருள் வீணாகப் போவது மட்டும் தாங்காது. பார்சலில் வரும் சணல் கயிற்றைக்கூட முடிச்சவிழ்த்துச் சுற்றி வைக்கிற ஆள். அதைத் தெரிந்துதான் ராமசெல்வி டிக்கெட்டைக் கையில் வாங்கிய பிறகு விஷயத்தைச் சொன்னாள். அவர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ரத்து பண்ணினால் என்ன வரும் என்று கேட்டார். ஒன்றும் வராது என்றாள். தாளை மடித்துக் கல்லாவில் வைத்துவிட்டு, "அப்ப போய்த்தான் ஆவணும்" என்றார்.

அன்றிலிருந்து ஒரு மாதம் அவள் நடையே வேறாக இருந்தது. கடையில் பதினோரு வருஷமாக வேலை பார்க்கும் மலர்கூட, "இன்னாக்கா, மூஞ்சி பளபளன்னு கீது" என்று கேட்டாள்.

மாத்தூரில் இருந்த தன் அக்கா குணசுந்தரியிடம் அய்யாத்துரை பேச்சுவாக்கில் சொல்லிவிட்டார். குணசுந்தரி தம்பி மேல் உயிரையே வைத்திருப்பவள். மறுநாளே புருஷன் முப்பிடாதியோடு வந்து இறங்கினாள். தம்பியும் அவன் பெண்டாட்டியும் மட்டும் கண்காணாத தேசத்துக்குத் தனியாகப் போவதாவது என்று வருத்தப்பட்டாள். நாங்களும் வருகிறோம் என்றாள். அவர்கள் வந்தால் அவர்கள் மகனும் மருமகளும் வராமல் எப்படி? மருமகள் வந்தால் அவளுடைய இரண்டு பிள்ளைகள். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள மருமகளின் அம்மா. ஆவணி முடிவதற்குள் இரண்டு பேர் ஒன்பது பேராகிவிட்டார்கள்.

நீல் தீவில் அந்த வாரம் ஒன்பது பேருக்கு அறை இல்லை. எங்கேயும் இல்லை. பெர்சிஸ் ஃபோன் மேல் ஃபோன் போட்டுப் பார்த்துவிட்டுக் கையை விரித்தாள். அப்போதுதான் முப்பிடாதிக்கு நினைவு வந்தது, போர்ட் பிளேரில் அவருடைய ஒன்றுவிட்ட தம்பி சிவந்தி பிளாஸ்டிக் சாமான் மொத்த வியாபாரம் செய்கிறார் என்று. சொந்த வீடு, மாடியில் இரண்டு அறை காலி. நம்ம வீடு இருக்கையில் லாட்ஜ் எதற்கு என்று குணசுந்தரி முடித்துவிட்டாள். ராமசெல்வி எழுதிவைத்திருந்த தாளில் ஆறு நாளும் ஆறு வரியாக இருந்தன. ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வந்தாள். கிறிஸ்மஸ் நெரிசலில் ஒரே ஒரு இரவுக்குக் கிடைத்து முன்பே பதிந்துவிட்ட நீல் தீவு அறையும் படகும் மட்டும், இரண்டு பேருக்கு, மிஞ்சின. அதைத் திருப்பிக் கொடுக்க முடியாது என்பதால் அய்யாத்துரையும், அதுக்கு நாம ரெண்டு பேரும் போயிட்டு வந்திருவோம் என்று ஒத்துக்கொண்டார்.

மார்கழி பிறந்தது. கடையைப் பூட்டிவிட்டுப் போனார்கள். சிவந்தி வாசலுக்கு ஓடி வந்து வரவேற்றார். அவர் மனைவி மாயா தீவிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்க்காரி. சிரித்த முகம். ராமசெல்வி பையை வைத்துவிட்டு முகம் கழுவப் போனாள். திரும்பி வருவதற்குள் குணசுந்தரியின் குரல் கேட்டது. "ராமசெல்வி, பாவம் அவ ஒத்தையில எம்புட்டுப் பேருக்குச் செய்வா. நீ கொஞ்சம் கூடமாட நில்லு."

நின்றாள். வீட்டுக்காரர்கள் ஐந்து, வந்தவர்கள் ஒன்பது. முதல் நாள் மற்றவர்கள் சிறைச்சாலையைப் பார்க்கப் போனபோது அவள் தோசைக்கு அரைத்தாள். இரண்டாம் நாள் கடற்கரைக்குப் போனபோது மீன் கழுவினாள். அய்யாத்துரையோ காலையிலேயே சிவந்தியின் கடைக்குப் போய்விடுவார். சென்னையிலிருந்து பாத்திரம் கப்பலில் அனுப்பினால் இங்கே எப்படிப் போகும் என்று இருவரும் பேச ஆரம்பித்திருந்தார்கள். அவரை அவ்வளவு உற்சாகமாக அவள் பார்த்து நாளாகியிருந்தது.

நான்காம் நாள் காலை ஆறரைக்குப் படகு. ஐந்து மணிக்கு எழுப்பினாள். அய்யாத்துரை எழுந்து உட்கார்ந்து, இன்றைக்கு ஒருவரைப் பார்க்க வேண்டியிருக்கிறது, பெரிய ஆள், நாளை ஊரில் இருக்க மாட்டார் என்றார். நீல் தீவு எங்கேயும் ஓடிவிடாது, அடுத்த தடவை பார்ப்போம் என்றார்.

ராமசெல்வி அடுக்களைக்குப் போய்க் கரண்டியைக் கையில் எடுத்தாள். அடுப்பில் டீ கொதித்துக்கொண்டிருந்தது. மாயா அவள் முகத்தைப் பார்த்துவிட்டு அவள் கையிலிருந்த கரண்டியை வாங்கிக்கொண்டாள்.

"நீங்க போங்க மதினி. இங்க நான் பாத்துக்குறேன். இன்னைக்குப் போகலேன்னா நீங்க போகவே மாட்டீங்க."

முதல்நாளே சொல்லிவைத்த ஆட்டோ வாசலில் நின்றது. ராமசெல்வி புருஷனிடம் சொல்லிக்கொள்ளவில்லை. ஏறி உட்கார்ந்து, ஆட்டோ திரும்புகிறவரை தெருவைப் பார்க்காமல் மடியிலிருந்த பையையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு இடத்துக்குத் தனியாகப் போகிறாள் என்பது படகு கிளம்பிய பிறகுதான் உறைத்தது. 

தீவு பெர்சிஸ் சொன்னது போலவேதான் இருந்தது. விடுதிக்காரப் பையன் இன்னொருவர் எங்கே என்று கேட்டான். வரவில்லை என்றாள். கடல் வற்றியிருந்தது. தண்ணீர் வெகுதூரம் பின்வாங்கிப் போய், கரையிலிருந்த குழிகளில் தேங்கி நின்றது. ஒவ்வொரு குழியிலும் நகக்கண் அளவு நீல மீன்கள். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நடந்தாள். யாரும் கூப்பிடவில்லை. யாரும் எதையும் கேட்கவில்லை. ஒரு மணி நேரம் அப்படியே போயிற்று. அந்த ஒரு மணி நேரத்தைப் பற்றிப் பிறகு பெர்சிஸிடம் சொல்ல முயன்றபோது அவளுக்குச் சொல்லவே வரவில்லை.

பதினொரு மணிக்கு, மாயா ஒருத்தியாக உலை வைத்திருப்பாளே என்று தோன்றியது. தோன்றிய பிறகு அது போகவே இல்லை. தென்னைமரத்தடியில் உட்கார்ந்தாள். கைகளை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. ஃபோன் வந்தது. அய்யாத்துரை கோபமாக இல்லை, பிரஷர் மாத்திரை எந்தப் பையில் என்று கேட்டார். சொன்னாள். அடுத்து குணசுந்தரி, இப்படிச் சொல்லாமல் கொள்ளாமல் போகலாமா, நாங்கள் எப்படித் தவித்துப்போனோம் என்று அழுதாள். அழுது முடித்துவிட்டு, குழம்புக்குப் புளி எவ்வளவு கரைப்பாய் என்று கேட்டாள். மாலை வரை ஏழு தடவை ஃபோன். இருட்டுவதற்குள் அந்த வீட்டின் அடுக்களை முழுதாக அந்தக் கடற்கரைக்கு வந்து சேர்ந்துவிட்டது. ராமசெல்விக்கு அழுகை வந்தது. மறுநாள் மத்தியானப் படகில் திரும்பிவிட்டாள்.

யாரும் அவளைத் திட்டவில்லை. அய்யாத்துரைக்கு அந்தப் பெரிய ஆளிடம் பேசிய பாத்திர வியாபாரம் பலித்திருந்தது. விமானத்தில் திரும்பும்போது அவள் பக்கம் சாய்ந்து, நல்ல இடத்துக்குத்தான் கூட்டியாந்திருக்கே, இனி வருஷா வருஷம் வருவோம் என்றார்.

சொன்னபடியே செய்தார். அடுத்த ஆடியில் அவரே பெர்சிஸின் ஆபீஸுக்குப் போய் உட்கார்ந்தார். இந்தத் தடவை பன்னிரண்டு பேர். பெர்சிஸ் பெயர்களை எழுதிக்கொண்டே வந்தபோது, வாசலில் நின்றிருந்த ராமசெல்வி தன் பெயர் வேண்டாம் என்றாள். அய்யாத்துரை திரும்பிப் பார்த்தார்.

"ஏன்ளா? நீ ஆசைப்பட்ட இடந்தான?"

"கடைய யாரு பாக்க?" என்றாள்.

 அக்காவிடம் ஃபோனில், அவளுக்குப் பொறுப்பு ஜாஸ்தி என்று பெருமையாகச் சொன்னதை ராமசெல்வி கேட்டாள். பெர்சிஸ் மட்டும் பேனாவைக் கீழே வைத்துவிட்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மார்கழி இரண்டாம் தேதி இரண்டு வேன் நிறையக் கிளம்பிப் போனார்கள். அன்று மத்தியானம் ராமசெல்வி மேலே ஏறிப் போனபோது வீட்டில் ஒரு சத்தமும் இல்லை. தயிர்ச்சோறு பிசைந்து, கிண்ணத்தோடு சன்னலோரம் உட்கார்ந்து சாப்பிட்டாள். மறுநாள் சமைக்கவே இல்லை, மலர் வீட்டிலிருந்து கொண்டுவந்த சாப்பாட்டில் பங்கு போட்டுக்கொண்டாள். ஃபோன் வரும். சாவி எங்கே, சட்டை எங்கே என்பார்கள். சொல்லிவிட்டு வைப்பாள். ஆறு நாள், ஆறு நாள் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டாள்.

நான்காம் நாள் காலை குணசுந்தரி கூப்பிட்டாள். வானம் மூடிக்கொண்டு வருகிறதாம், பிள்ளைகளுக்குச் சளியாம். எப்படியோ இடம் பிடித்து நாளைக் காலையே கிளம்புகிறார்களாம். எல்லோரும் நேரே கடைக்குத்தான் வருவார்களாம்.

"பதினோரு பேரு இருக்கோம் பாத்துக்கோ. மாவு ஆட்டி வச்சிரு."

"சரி மதினி" என்றாள்.

ஃபோனை வைத்துவிட்டுக் கல்லாவைப் பூட்டினாள். பிறகு மலரைக் கூப்பிட்டு ஷட்டரை இறக்கச் சொன்னாள். மணி பன்னிரண்டுகூட ஆகவில்லை. மலர் ஒன்றும் புரியாமல் நின்றாள்.

"இன்னாக்கா, ஒடம்பு எதனா செரியில்லியா?"

ஒன்றுமில்லை என்று சொல்லி, சாயங்காலம் வரும்போது இரண்டு கிலோ உளுந்து வாங்கிவரச் சொல்லி அவளை அனுப்பினாள். மேலே போய் மின்விசிறியைப் போட்டுக்கொண்டு வெறுந்தரையில் படுத்தாள். உடனே தூங்கிப்போனாள். அவள் எழுந்தபோது மணி ஐந்து. முகத்தைக் கழுவிக்கொண்டு அரிசியை அளந்து ஊறப்போட்டாள்.