ஸ்கேன் பண்ணினால் காதுகுத்து!

போன வியாழக்கிழமை, ஏரிக்கரைப் பக்கம் நான் வழக்கமாகச் சாப்பிடும் ஹோட்டலுக்குப் போனேன். வெளியே பனிமூட்டம், உள்ளே பசி. உட்கார்ந்ததும் மெனு கார்டைத் தேடினேன். காணோம். டேபிளில் கட்டம் கட்டமாக ஒரு ஸ்டிக்கர் மட்டும் ஒட்டியிருந்தது.

"கியூஆர் கோடு சார்! போன்ல காட்டுங்க, மெனு வந்துரும். நம்ம கடையும் மாடர்ன் ஆயிருச்சுங்க" என்றார் முதலாளி கணேசன்.

காட்டினேன். நாதஸ்வரம் கேட்டது!

'அன்புடையீர்... எங்கள் செல்வமகளைத் தாய்மாமன் மடியில் அமர்த்தி, காதணி விழா... ஞாயிறு காலை, வில்பட்டி மண்டபம்... மதியம் கறி விருந்து...'

பக்கத்து டேபிளில் சென்னையிலிருந்து வந்த ஒரு குடும்பம். அந்த அம்மா ஏற்கெனவே ஆர்டர் கொடுத்துக்கொண்டிருந்தார். "எங்களுக்கு இந்தக் கறி விருந்தே போதும். காரம் மட்டும் கம்மியா..."

விஷயம் இதுதான். ஹோட்டல் மெனுவுக்கு ஒரு கோடு. கணேசன் மகளின் காதுகுத்துப் பத்திரிகைக்கு ஒரு கோடு - சொந்தக்காரர்கள் மேப் பார்த்து மண்டபத்துக்கு வந்துவிடட்டுமே என்று. இரண்டையும் ஒரே அச்சுக் கடையில் அடிக்கக் கொடுத்திருக்கிறார். அச்சுக் கடைக்காரர் மாற்றிப் போட்டுவிட்டார். பழைய மெனு கார்டில் குழம்புக் கறை இருக்கும்தான். ஆனாலும் அது மெனு கார்டாகவே இருக்கும்!

சரி, டேபிளில் காதுகுத்து வந்தால் சிரித்துவிட்டுப் போகலாம். அப்படியானால் பத்திரிகையில் என்ன வந்திருக்கும்?

கணேசனுக்கும் அது உறைத்த நேரத்தில் போன் அடித்தது. கவுஞ்சிக் கிராமத்திலிருந்து மச்சான். மனைவியின் அண்ணன், பூண்டு விவசாயி, குழந்தைக்கு ஒரே தாய்மாமன். ஸ்பீக்கர் போடாமலே எனக்கும் கேட்டது.

"ஏன் மாப்ள, தாய்மாமனுக்கே ரேட்டு போட்டு அனுப்பிருக்கீங்க! பிரியாணி ஒரு ரேட்டு, முட்டை ஒரு ரேட்டு. பார்சலுக்கு எக்ஸ்ட்ராவாம்ல!"

"மச்சான், அது வந்துங்க..."

"எனக்குச் சோலி கெடக்கு. யார் மடியிலயாவது வச்சுக் குத்திக்கங்க!"

கட்.

மாமன் மடி இல்லாமல் காதுகுத்தா? ஆசாரி ரெடி, மண்டபம் ரெடி, ஆடு ரெடி... மடியைக் காணோம். அதைவிட, இதை வீட்டில் போய் மனைவியிடம் யார் சொல்வது? கணேசனைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது. சிரிப்பும் வந்தது. இருமி மறைத்துக்கொண்டேன்.

"சார், நீங்க பத்திரிகையில எழுதுறவரு. நாலு வார்த்தை எடுத்துச் சொல்லுங்க. வெரசா கிளம்புங்க!"

சாப்பிடாமலே கணேசனோடு கிளம்பினேன். கவுஞ்சியில், டேபிளிலிருந்து பிய்த்துக்கொண்டு போன ஸ்டிக்கரை மச்சானிடம் நீட்டினேன். முறைத்துக்கொண்டே ஸ்கேன் பண்ணினார். நாதஸ்வரம். 'தாய்மாமன் மடியில்' என்ற வரி கொட்டை எழுத்தில் வந்தது. அதை இரண்டு தடவை படித்தார். முகம் இளகிவிட்டது. ஆனால் சட்டென்று இறங்கி வந்துவிட்டால் அவர் தாய்மாமனா?

"சரி, வர்றேன். ஆனா எனக்கு நீங்க அனுப்புன பத்திரிகை அந்த மெனுதான? அதுல போட்டிருக்கதெல்லாம் என் எலைக்கு வந்தாகணும்."

"எல்லாமா மச்சான்?" என்றார் என் முதுகுக்குப் பின்னால் நின்ற கணேசன்.

"எல்லாந்தான்."

ஞாயிற்றுக்கிழமை மாமன் வெள்ளனே வந்துவிட்டார். குழந்தை அவர் மடியில் உட்கார்ந்து வீறிட்டு அழுதாள். அவரும் கூடவே அழுதார். கணேசன் முகத்தில் அப்போதுதான் ரத்தம் ஓடியது.

பிறகு பந்தி. சென்னைக் குடும்பமும் வந்திருந்தது. "ஸ்கேன் பண்ணினோம், கூப்பிட்டீங்க, வந்துட்டோம்" என்றார் அந்த அம்மா. நியாயம்தானே?

எல்லார் இலையிலும் கறிக்குழம்பு. மாமனுக்கு மட்டும் இரண்டு இலை. பிரியாணி, மசால் தோசை, சப்பாத்தி, நூடுல்ஸ், கோபி மஞ்சூரியன், ஹாட் சாக்லேட்... மெனுவின் வரிசைப்படியே வந்துகொண்டிருந்தது. மனிதர் வீம்பாகத்தான் ஆரம்பித்தார். நூடுல்ஸில் வேர்த்தது. கோபியில் பெல்ட் தளர்ந்தது. ஹாட் சாக்லேட்டைப் பார்த்ததும் கண்ணை மூடிக்கொண்டார்.

கணேசன் பக்கத்தில் வந்து, பயபக்தியோடு குனிந்து கேட்டார்:

"பார்சல் கட்டிறவா மச்சான்? எக்ஸ்ட்ரா கெடையாதுங்க!"